கோடு போட்ட பெயர்

1. முதல் நாள்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் பதினாறு வருடம் வேலை செய்தேன். கலியாணக் காட், அரங்கேற்றப் புத்தகம், இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அந்தியேட்டி மலர், கடைகளுக்குப் பனர், எல்லாம் அடிப்போம். அடித்து வருவதை வெட்டுவது, மடிப்பது, லமினேற் செய்வது என் வேலை. இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குக் கதைக்கத்தான் கூச்சம், எழுத அவ்வளவு இல்லை.

முதல் நாள் கட்டர் மெஷினுக்கு முன்னால் நிற்க விட்டார்கள். முதலாளி பாலன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, இங்கிலீஷ் வாசிப்பீங்களோ?"

"இல்லை. ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழ் வாசிப்பன்."

"பிறகென்ன? வெட்டுறதுக்கு வாசிக்கத் தேவையில்லை. புறூவைப் பக்கத்தில வையுங்கோ. புறூவும் பிறிண்டும் ஒரே மாதிரி இருந்தா வெட்டுங்கோ. இல்லாட்டி என்னட்டக் கொண்டு வாங்கோ."

புறூவ் என்பது, அடிக்கப் போவதைச் சின்னத் தாளில் எடுத்து, வாடிக்கையாளர் பார்த்து, சரி என்று கையெழுத்து வைத்த தாள். அன்று தொடங்கி எந்த வேலையானாலும் புறூவைக் கட்டருக்கு மேலே ஒட்டிவைத்துவிட்டுத்தான் தொடுவேன். இங்கிலீஷ் என்றால் எனக்கு அது படம் மாதிரி. எது நீளம், எது கட்டை, எது தடிப்பு, எங்கே கோடு என்று ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் விட்ட பிழையைக்கூட அப்படிப் பிடித்திருக்கிறேன். பிடித்தாலும் வாய் திறக்க மாட்டேன். தாளை அவர் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அவருக்கு விளங்கிவிடும்.

பாலன் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் முதலாளி. அதனால் நான் "அண்ணை" என்பேன். அவர் என்னை "அக்கா" என்பார். கடைக்கு வருபவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

2. மூத்தவர் முன்னுக்கு

எங்கள் கடையில் பெரிய பயம் பெயர் ஒழுங்கு. ஒருமுறை ஓர் அந்தியேட்டி மலரில் இளைய மருமகனின் பெயர் மூத்த மருமகனின் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது. மூத்தவர் மலரை விரித்துப் பார்த்தார். மடித்தார். சாப்பிடாமலே காரில் ஏறிப் போய்விட்டார். அந்த வீட்டுக்காரர் அடுத்த நாள் கடைக்கு வந்து நின்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பாலன் பெயர் வரிசையை வேறு யாரிடமும் விடுவதில்லை. எந்த ஃபைல் வந்தாலும் முதலில் பெயர்களைத்தான் பார்ப்பார். சின்னவர் முன்னுக்கு நின்றால் தானே தூக்கிப் பின்னுக்குப் போடுவார். "நாங்கள் திருத்தாட்டி ஆர் திருத்துறது?" என்பார். எத்தனையோ குடும்பச் சண்டைகளை அவர் அப்படித் தடுத்திருக்கிறார்.

3. மதுரா

ஒரு வருடம் இலையுதிர் காலத்தில் மதுரா என்ற பிள்ளை தாயோடு வந்தாள். ரூஜ் பக்கம் வீடு. மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்பிளிக்கேஷன் போடுகிறாளாம். டவுன்டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் தன் ஆராய்ச்சியைப் போஸ்டராக வைக்க வேண்டும். நாலு அடி நீளம், மூன்று அடி அகலம். நாளைக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு.

நான் பின்னுக்கு நின்று காட் மடித்துக்கொண்டிருந்தேன். பாலன் புறூவ் எடுக்கும்வரை அவள் கவுண்டரில் லப்டொப்பைத் திறந்துவைத்து அப்பிளிக்கேஷனை நிரப்பினாள். தாய் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆராய்ச்சி எண்ட இடத்தில ரெண்டு வரிதானே கிடக்கு. அந்தக் கட்டுரையையும் வெளிவந்தது எண்டு போடு."

"அம்மா, அது இன்னும் வெளிவரேல்லை. அனுப்பியிருக்கு, அவ்வளவுதான். அனுப்பியிருக்கு எண்டுதான் போடலாம்."

"எப்பிடியும் வரத்தானே போகுது? அப்ப இந்தப் போஸ்டரை ரெண்டாப் போடு. போன மாசம் யூனிவேர்சிற்றியிலயும் ஸ்லைட் போட்டுக் காட்டினனீ."

"ஒரே வேலை அம்மா. ஒரு வரிதான். அதுக்குள்ள ரெண்டு இடத்தையும் எழுதுவன்."

"பிறம்ரனில உன்ர மச்சாள் மூண்டு பக்கத்துக்கு எழுதினவளாம்."

"எழுதட்டும். ஒவ்வொரு வரிக்கும் இது உண்மைதான் எண்டு சொல்ல ஒராளின்ர பேரும் ஃபோன் நம்பரும் குடுக்கோணும். இதுக்கு என்ர புரொபெசர். போஸ்டரில பேர் இருக்கிற ஒழுங்கிலதான் அப்பிளிக்கேஷனிலயும் எழுதோணும். மாறிச்சுதெண்டா நான் பொய் சொன்ன மாதிரி. They'll throw the whole thing out."

தாய் மறுபடியும் லப்டொப்பை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அரங்கேற்றத்தைப் போட்டியோ?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரா திரும்பி என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள். "அன்ரி, உங்களைப் போல ஆக்களைப் பற்றித்தான் இந்தப் போஸ்டர்" என்றாள். எங்கள் வயதுத் தமிழ்ப் பெண்களிடம் டொக்டர் "விளங்கிச்சோ?" என்று கேட்டால், விளங்காவிட்டாலும் "ஓம்" என்றுதான் சொல்வார்களாம். அது ஏன் என்று கிளினிக்குகளில் போய் இருந்து ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள்.

"நீங்களும் ஓம் எண்டுதானே சொல்லுவீங்கள் அன்ரி?"

"ஓம்" என்றேன்.

கடையே சிரித்தது. அவள் புறூவைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். தலைப்புக்குக் கீழே பெயர்கள் ஒரு வரியில் இருந்தன. முதற் பெயருக்கு அடியில் ஒரு கோடு. போஸ்டருக்கு முன்னால் நின்று விளக்கம் சொல்பவரின் பெயருக்குத்தான் அந்தக் கோடு போடுவார்கள் என்று அவள் தாய்க்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

4. இல்லை

அடுத்த நாள் காலை போஸ்டர் மெஷினிலிருந்து இறங்கியது. நல்ல பளபளப்பான தாள், நீல நிறம். காயவைத்து மேசையில் விரித்தேன். புறூவை மேலே ஒட்டினேன். தலைப்பைப் பார்த்தேன், சரி. பெயர் வரிக்கு வந்தேன்.

புறூவில் கோடு முதற் பெயருக்குக் கீழே இருந்தது. போஸ்டரில் அந்தக் கோடு வரியின் கடைசிக்குப் போயிருந்தது.

மெஷின் சாய்த்து அடிக்கும், மை சொட்டும், ஆனால் பெயரைத் தூக்கி இடம் மாற்றாது. அதைச் செய்யக்கூடியவர் கடையில் ஒருவர்தான். மெஷினின் பிழையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். முதலாளியின் பிழையை எப்படி வைப்பது?

அவர் அறை வாசலுக்குப் போனேன்.

"என்னக்கா?"

"தேத்தண்ணி போடட்டோ?"

"இப்பதானே குடிச்சனாங்கள்."

திரும்பி வந்துவிட்டேன். கட்டருக்கு முன்னால் நின்றேன். வெட்டிச் சுருட்டிக் குழாயில் போட்டுவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. ஒழுங்கு மாறினால் பொய் சொன்ன மாதிரி.

புறூவையும் போஸ்டரையும் தூக்கிக்கொண்டு போய் அவர் மேசையில் விரித்துக் கோட்டில் விரலை வைத்தேன். பாலன் சந்தோஷமாகச் சிரித்தார்.

"அது நான்தான் மாத்தினனான். பாருங்கோ, பிள்ளையின்ர புரொபெசர், பெரிய டொக்டர் அம்மா, கடைசியில நிக்கிறா, உந்தச் சின்னப்பிள்ளை முன்னுக்கு நிக்குது. ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்? நல்லகாலம் என்ர கண்ணில பட்டுது. நீங்கள் வெட்டுங்கோ."

"ஓம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லை அண்ணை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவர் கேட்டதேயில்லை.

"பிள்ளை கையெழுத்து வைச்சது இதுக்கு. அப்பிளிக்கேஷனில எழுதினதும் இப்பிடித்தான். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். வெட்டமாட்டன். ஒருக்கா ஃபோன் அடிச்சுக் கேளுங்கோ."

பாலன் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மதுரா பஸ்ஸில் இருந்தாள்.

"பிள்ளை, உங்கட பேரைக் கொஞ்சம் பின்னுக்குப் போட்டிருக்கிறன். மரியாதைக்கு."

"அங்கிள், no! மாத்தாதேங்கோ!"

"மாத்தி அடிச்சிட்டன்."

"அங்கிள், நான் காலமை அப்பிளிக்கேஷனை சப்மிட் பண்ணிட்டன். இனித் திறக்கேலாது. அதில நான் முதலாவது. இந்தப் போஸ்டரைச் சுவரில கொழுவினா, புரொபெசர் வந்து பாப்பா. அவவைத்தானே மெடிக்கல் ஸ்கூல் ஆக்கள் பிறகு கூப்பிட்டுக் கேப்பினம். ஒரு வருசம் செய்த வேலை அங்கிள்."

"அப்ப அந்தப் பெரிய டொக்டர் கடைசியிலயோ நிக்கோணும்?"

"கடைசிதான் அங்கிள் பெரிய ஆளின்ர இடம்! கூடுதலா வேலை செய்தவை முன்னுக்கு. எல்லாத்தையும் பொறுப்பா நடத்தினவை கடைசியில. ஆராய்ச்சியில அப்பிடித்தான்."

பாலன் தலையில் கை வைத்தார். பிறகு சொன்னார், "ஓமோம். கலியாண வீட்டுக்கும் பெரிய ஆக்கள் கடைசியாத்தானே வாறவை. நீ வா பிள்ளை. ஒரு மணிக்கு முதல் போஸ்டர் இருக்கும்."

5. இரண்டு விரல்

மறுபடியும் அடிப்பது லேசு. தாள்தான் இல்லை. அந்தப் பளபளப்புத் தாளில் புது றோல் அடுத்த கிழமைதான் வரும். மெஷினில் இருந்த மிச்சத்தைக் கழற்றித் தரையில் விரித்து அளந்தேன். நாலு அடிக்கு மேலே இரண்டு விரல் அகலம். மெஷின் தாளைப் பிடிக்க ஒரு விரல் வேண்டும்.

"இந்தத் தாள் காணுமோ அக்கா, போதுமோ?"

"காணும்."

அன்று எனக்கு இது இரண்டாவது துணிச்சல்.

பாலன் பிள்ளை அனுப்பிய ஃபைலை ஈமெயிலில் இருந்து மறுபடி இறக்கினார். எதையும் தொடவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் மெஷினுக்கு முன்னால் குனிந்து, தாள் சாயாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டேன். கடைசி வரி இறங்கும்போது தாள் றோலிலிருந்து கழன்று என் கையில் விழுந்தது. முழுதாக இருந்தது.

கட்டரில் வைத்தால் ஓரத்தில் கூடுதலாகப் போய்விடும். இரும்பு அடிமட்டம் வைத்துக் கத்தியால் கையாலேயே வெட்டினேன். நாலு பக்கமும், ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுவை. மதுரா ஓடி வந்தபோது குழாயில் போட்டு மூடியிருந்தேன். அவள் திறந்து, தலைப்பையும் பெயர் வரியையும் மட்டும் பார்த்தாள். குழாயோடு சேர்த்து என்னைக் கட்டிப் பிடித்தாள்.

"ஆர் கண்டுபிடிச்சது?"

"அக்காதான். எனக்கு இல்லை எண்டு சொன்னவ தெரியுமோ? எனக்கு!" என்றார் பாலன், தனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

6. வசந்தம்

அடுத்த வருடம் பனி கரைந்த பிறகு மதுரா தாயோடு மறுபடி வந்தாள். வாசலில் நின்றே, "அன்ரி, கிடைச்சிட்டுது!" என்று கத்தினாள். நேர்முகத் தேர்வில் அந்தப் போஸ்டரைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்களாம். நீ என்ன செய்தாய், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று. "எழுதினதெல்லாம் உள்ளதுதானே அன்ரி, பயமில்லாமல் கதைச்சன்" என்றாள். மச்சாளின் மூன்று பக்கம் என்ன ஆனது என்று தாயிடம் நான் கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையும் வெளிவந்துவிட்டதாம். "இனி வெளிவந்தது எண்டு போடலாம்" என்று சிரித்தாள். இன்னொரு பெரிய மாநாட்டுக்கு அதே ஆராய்ச்சியைப் புதுப் போஸ்டராக அடிக்கத்தான் வந்திருந்தாள்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாடிக்கையாளர் கையெழுத்து வைத்ததை நல்ல மனதோடுகூட மாற்றாதீர்கள். அவர்கள் உலகத்தில் எது மரியாதை என்று நமக்குத் தெரியாது. மாறியிருப்பதைக் கண்டால், மாற்றியது யாராக இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். பதினாறு வருடத்தில் நான் ஒருமுறைதான் சொன்னேன். அதற்குப் பிறகு என் குடும்ப டொக்டரிடமும், "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்று சொல்லப் பழகிவிட்டேன். அவர் திருப்பிச் சொல்கிறார். கோபிப்பதில்லை.

அன்று புதுப் போஸ்டரின் புறூவைப் பாலன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வரியைத் தாண்டிக் கீழ் மூலைக்குப் போனவர், திடீரென்று கத்தினார்.

"அக்கா! இஞ்ச வாங்கோ! நன்றி எண்டு போட்டு, கிளினிக் ஆக்களோட எங்கட பேரும் கிடக்கு. நீங்கள் முதலாவது!"

"உங்கட பேர் எங்க அண்ணை?"

"கடைசியில." கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நான்தானே இஞ்ச பெரிய ஆள்."

போஸ்டர் இறங்கிக் காய்ந்தது. மேசையில் விரித்தேன். புறூவை மேலே ஒட்டினேன். இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியும், அதனால் அந்த ஒரு சொல்லைப் படமாகப் பார்க்காமல் வாசித்தேன். புறூவில் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெட்டினேன்.