கை கோத்த லாட்ஜின் திறப்பு விழா

நார்த்தாமலைத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைக் கூவிக் கூவியே தொண்டையைத் தேய்த்துக்கொண்டவர் மைக்செட் கண்ணுசாமி. ஒரு வருஷம் அந்தக் கதி அவருக்கே வந்தது. "பச்சைப் பாவாடை போட்ட பாப்பா, பேரு அன்புமொழி, ஊரு ஆலங்குடி..." என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, தன் பெயர் வானத்தில் கேட்டதும் நேராக மேடை ஏறி வந்தாள். அப்பாவின் கையிலிருந்த மைக்கை வாங்கி, "நான் கெடைச்சிட்டேன், யாரும் தேடாதீங்க" என்றாள். கூட்டமே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு வாங்கிய மைக்கை அன்புமொழி இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பார்கள் ஆலங்குடியில்.

கண்ணுசாமி காலமான பிறகு தொழில் அன்புமொழி கைக்கு வந்தது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை எதுவானாலும் ஒலிபெருக்கி அவருடையது, குரலும் அவருடையது. வீட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கர்களை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குவார், வாயைத் திறக்கமாட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று அவருக்குத் தெரியும்.

கடை இருந்தது நேசர் லாட்ஜின் முன்னறையில். வெளியூர்க்காரர்கள் சிலர் பையோடு வந்து ரூம் கேட்பதுண்டு. இது அந்த லாட்ஜ் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல், ஒரு குமாஸ்தா, சில தேங்காய் வியாபாரிகள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு கொல்லர் என்று பலர் சேர்ந்து, 'இனி நாம் சகோதரர்கள்' என்று சத்தியம் செய்து கட்டிய சங்கக் கட்டடம். மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு கூடுவார்கள். உள்ளே ஏதோ பூசை நடக்கிறது, மந்திரம் நடக்கிறது என்று ஊர் மிரண்டது. உள்ளே நடந்தது ஒன்றுதான்: சேர்ந்து சாப்பிடக் கூடாது என்று ஊர் சொன்னவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது மிஞ்சியிருப்பவர்கள் ஐந்து சகோதரர்கள். செயலாளர் முத்துராமனுக்கு எழுபது தாண்டிவிட்டது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். சங்கப் பழக்கம் விடாமல் பஸ் கண்டக்டரைக்கூட "சகோதரரே, ஒரு டிக்கெட்" என்று கேட்பவர். மற்றவர்களில் மூன்று பேர், இடத்தை விற்றுவிடலாம், வணிக வளாகம் வரட்டும் என்றார்கள். அரசு இதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்தால் விற்பதில்லை, இல்லாவிட்டால் தீபாவளி கழித்து விற்பது என்று பேசி முடிவானது.

வளாகத்தில் மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட அறை தருவதாக அன்புமொழிக்கு ஆசை காட்டினார்கள்.

"குழாயத் தூக்கிக்கிட்டு மூணாவது மாடிக்கா? நான் என்ன வவ்வாலா?" என்றார் அவர். அப்பா ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்த அறை அது. தானும் அங்கே உட்கார்ந்துதான் பிழைப்பது என்று உறுதியாக இருந்தார். முத்துராமனை விடாமல் நச்சரித்து விண்ணப்பம் அனுப்ப வைத்தவரும் அவர்தான்.

கட்டடத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து அரசுக் குழு வருகிறது என்று தகவல் வந்ததும் அன்புமொழிக்குக் கை கால் ஓடவில்லை.

"மொகப்பெல்லாம் காரை பேந்து கெடக்கு ஐயா. வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பழசுன்னுதானே சகோதரி பாக்க வர்றாங்க?"

"பழசுதாங்க. அதுக்காகப் பொண்ணு பாக்க வர்றப்ப அழுக்குச் சேலையோடயா நிப்பாட்டுவோம்?"

பக்கத்தில் நின்ற முந்திரி வியாபாரி உடையப்பன் குறுக்கிட்டார். வர்த்தகர் சங்கத் தலைவர் அவர். "வரவேற்பு பேனர் எம் பொறுப்பு தங்கச்சி" என்றார். தலைவர் படம் போட்டால் துணைத்தலைவர் படம் வேண்டாமா? துணைத்தலைவருக்குப் போட்டால் பொருளாளர் சும்மா இருப்பாரா? ஆள் சேரச் சேர பேனர் வளர்ந்தது. கடைசியில் கைப்பிடிச் சுவரிலிருந்து வாசல் நிலை வரை கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். காரை பேர்ந்த இடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. அன்புமொழி எதிர்ச்சாரியில் நின்று பார்த்து, "இப்பத்தான் லெட்சணமா இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்து நின்றது. குழுவின் பொறுப்பாளர் மதுமிதா, கட்டடக் கலை படித்தவர். இறங்கி, மேலிருந்து கீழ்வரை எல்லா முகங்களையும் நிதானமாகப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரையும் பாத்தாச்சு. கட்டடம் எங்கங்க?"

"இதுக்குப் பின்னாடிதான் மேடம்" என்றார் அன்புமொழி. சொல்லும்போதே தன் காரியம் அவருக்கு உறைத்தது.

"மத்தியானம் திருமயத்துல வேற கட்டடம் பாக்கணும். மொகப்பப் பாக்காம என்னால எதுவும் எழுத முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு மதுமிதா மற்றவர்களோடு உள்ளே அளவெடுக்கப் போனார்.

அன்புமொழி உடையப்பனிடம் ஓடினார். "அண்ணே, பேனரை அவுத்துருவோம்."

"எம் மொகத்தயா? நான் உசுரோட நிக்கிறப்பவே எம் படத்தக் கயித்த அறுத்து எறக்குவியா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா!"

பொருளாளரும் சேர்ந்துகொண்டார். "கட்டுனது நேத்து. அதுக்குள்ள எறக்குனா எதிர்க்கோஷ்டிக்காரன் என்னா பேசுவான்?" கயிற்றுக்குப் பக்கத்தில் ஆட்கள் காவல் நிற்கிற மாதிரி நின்றுகொண்டார்கள். முத்துராமன், "சகோதரர்களே, சகோதரர்களே" என்று இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தார். யாரும் அசையவில்லை.

அன்புமொழி கடைக்குள் போனார். கூட்டம் அவருக்குப் புதிதல்ல. ஆலங்குடியில் ஒருவரைக் கீழே இறங்கச் சொன்னால் இறங்கமாட்டார், மேடைக்குக் கூப்பிட்டால் ஓடி வருவார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"அன்பார்ந்த ஆலங்குடிப் பெருமக்களே! நூறாண்டு கண்ட நமது நேசர் லாட்ஜ் முகப்பின் திறப்பு விழா இதோ, இன்னும் சற்று நேரத்தில்! திரையை விலக்கித் திறந்துவைக்க, முந்திரி வணிகத்தின் முடிசூடா மன்னர், வர்த்தகர் சங்கத் தலைவர், அண்ணன் உடையப்பன் அவர்களை அன்போடு அழைக்கிறோம்!"

சந்தைக்குப் போன சனம் நின்றது. பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. உடையப்பன் கூட்டத்தைப் பார்த்தார், தோள்துண்டைச் சரிசெய்தார்.

"விழான்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே தங்கச்சி?" என்று முதல் கயிற்றைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு பேனரில் இருந்த ஒருவர் பெயரும் விடுபடவில்லை. அஞ்சல்தலை அளவு படம் இருந்தவருக்கும் அடைமொழி கிடைத்தது, பிடிக்க ஒரு கயிறும் கிடைத்தது. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். அத்தனை முகங்களும் மடிந்து சரிந்தன.

கைதட்ட ஓங்கிய கைகள் பாதியில் நின்றன. சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் தெரிய, பலகை அடுக்கிய ஜன்னல்களும், தூணைச் சுற்றி ஏறிய சுதைக் கொடிகளுமாக லாட்ஜ் வெயிலில் நின்றது. எதிர் டீக்கடைக்காரர், "இதுக்கு எதுத்தாப்புலயா இத்தன வருசமா டீ ஆத்துறேன்!" என்றார்.

வெளியே வந்த மதுமிதாவின் முகம் மலர்ந்தது. முத்துராமன் அனுப்பியிருந்த பழைய புகைப்படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "இதுல வாசலுக்கு மேல ரெண்டு கை கோத்த மாதிரி ஒரு சுதைச் சிற்பம் இருக்கே. கட்டடத்துக்கு அதுதாங்க முக்கியம். அது எங்க?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாசலுக்கு மேலே நீளமான மரப்பலகை: 'கண்ணுசாமி சவுண்ட் சர்வீஸ்.'

அணைக்காத மைக்கோடு வாசலுக்கு வந்திருந்த அன்புமொழியின் மூச்சு வீதி முழுக்கக் கேட்டது.

"என்னா தங்கச்சி," என்றார் உடையப்பன், "எங்க மொகத்தயெல்லாம் எறக்கிட்ட. ஒங்கப்பா பேரு மட்டும் மேலயே இருக்கணுமாக்கும்?"

கூட்டம் சிரித்தது. அன்புமொழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அடுத்த நிகழ்ச்சியாக, மறைந்த மைக்செட் மாமன்னர் கண்ணுசாமி அவர்களின் ஒரே மகள், அன்புமொழியை ஏணிக்கு அழைக்கிறோம்."

மைக்கை உடையப்பனிடம் கொடுத்துவிட்டுத் தானே ஏறினார். கீழே வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆணிகள் துருவேறியிருந்தன. பலகை வந்ததும் குளவிக் கூடு ஒன்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கைகள். ஒன்றில் சட்டைக் கைமடிப்பு, மற்றதில் தடித்த காப்பு. ஒரு விரல் நுனி தவிர முழுசாக இருந்தன. ஆணி அடித்த ஓட்டைகள் எல்லாம் சுதைக்கு வெளியே தள்ளி இருந்தன.

"அப்பா பாத்துத்தான் அடிச்சிருக்காரு!" என்று ஏணியிலிருந்தே கத்தினார். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

தீபாவளிக்கு முன்பே அறிவிப்பு வந்தது. விற்கிற பேச்சை மூன்று சகோதரர்களும் அதோடு விட்டார்கள். முகப்பில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது நிபந்தனை. அன்புமொழி பலகையைத் துடைத்து, கடைக்குள் ஆம்ப்ளிஃபயருக்கு மேலே மாட்டிக்கொண்டார். வெளியே பெயர் இல்லாததால் வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. மைக்செட் எங்கே என்று கேட்டால், "கை கோத்த லாட்ஜுக்குப் போங்க" என்கிறார்கள். கேட்பவர்கள் இப்போது மேலே பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

அறிவிப்பு வந்த அன்று முத்துராமன் வழக்கத்துக்கு மாறாகக் கதவை விரியத் திறந்துவைத்து எல்லாருக்கும் பந்தி போடச் சொன்னார். விஷயத்தை ஊருக்குச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை.

"ஒரு முக்கிய அறிவிப்பு," என்று ஆலங்குடி வானத்தில் கேட்டது. "நம்ம லாட்ஜ் கெடைச்சிருச்சு. யாரும் தேடாதீங்க. சாப்பிட வாங்க."