புடவையை எடுத்தால் பேஸ் கெட்டுவிடும்

ஜமால் பாய் போய்விட்டார். இப்போதுதான் அவர் மகன் போன் செய்தான்.

அறுபதுகளில் சிராங்கூன் ரோட்டில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் வாங்கியவர்கள் யாராவது இன்னும் இருந்தால் அவரைத் தெரிந்திருக்கும். ஹை-ஃபை கடை வைத்திருந்தார். விற்பதைவிட விற்க மறுப்பதில் கெட்டிக்காரர்...

ரூமைப் பார்க்காமல் ஸ்பீக்கர் தரமாட்டார். வீட்டுக்கே வருவார். நடுவில் நின்று கையைத் தட்டுவார். எதிரொலியைக் கேட்ட பிறகுதான் விலையே பேசுவார்.

எங்கள் ரூம் கெர்பாவ் ரோட்டில், ஒரு காய்கறிக் கடைக்கு மேலே. புதிதாகக் கல்யாணமான நானும் வசந்தாவும், ஒரு கட்டில், ஒரு அலமாரி. அவ்வளவுதான் இடம்.

ரேடியோ எஞ்சினியரிங் படித்த திமிர் எனக்கு. சினிமா கொட்டகை சைஸில் ஸ்பீக்கர் கேட்டேன்.

"தம்பி, இது ரூமா தீப்பெட்டியா? இதுக்குள்ள யானையை விட்டா எங்க நின்னு பிளிறும்?"

"யானை வந்தா நாங்க எங்க படுக்கறது, பாய்?" என்றாள் வசந்தா.

"கேட்டுக்கோ. இதுதான் எஞ்சினியரிங்."

இருந்தும் அடம்பிடித்து வாங்கினேன். பாட்டில் தபேலா வந்தால் அலமாரிக் கதவும் சேர்ந்து வாசித்தது. வசந்தா அதற்குத் தாளம் போடுவாள்.

அடுத்த வருஷமே அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள்... அவ்வளவுதான்.

நான் அழவில்லை. ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினேன், மாட்டினேன், மறுபடி கழற்றினேன். பார்க்க வந்த எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். பாய் மட்டும் மாடிப்படியிலிருந்தே கத்தினார், "யானை எப்படிப்பா இருக்கு?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செம்பவாங்கிலிருந்து அக்கா வந்தாள். கையில் கோணிப்பை. போனவளின் துணிமணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தானம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

எனக்கு அந்த அலமாரியைத் திறக்கவே முடியவில்லை. புடவைகள் இருக்கட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதைக் கேட்டால் ஊரே என்ன சொல்லும்...

அக்கா பாயைக் கூப்பிட்டுவிட்டாள். "நீங்க சொன்னா கேப்பான் பாய். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பிறகு நடுவில் நின்று கையைத் தட்டினார்.

"எடுக்கக் கூடாதேக்கா."

"என்னது?"

"இவன் வாங்கின ஸ்பீக்கர் அப்படி. இந்தத் துணி இல்லேன்னா பேஸ் கெட்டுடும், கனமான சத்தமே வராது. ஆம்ப்ளிஃபையர் சூடேறும். ஃப்யூஸ் போயிடும்லா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், நீ படிச்சவன். நெசமாவா?"

அலமாரிப் புடவைக்கும் பேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. முதல் வருஷ மாணவனே சிரிப்பான்.

"ஆமாக்கா" என்றேன்.

"சரி... ஒரு ரெண்டாச்சும் எடுத்துக்கறேனே?"

"எந்த ரெண்டுன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்."

பண்ணினார்! அக்கா ஒரு புடவையை வெளியே எடுப்பாள், பாய் கையைத் தட்டுவார். "ம்ஹூம், இது போனா தபேலா போச்சு." அடுத்தது. "ஐயோ, வயலினே இதுலதான் இருக்கு. உள்ள வைங்க, உள்ள வைங்க."

கொஞ்ச நேரத்தில் அக்காவும் தட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஆமா பாய்! இந்தப் பச்சையை எடுத்தா எனக்கே வித்தியாசம் தெரியுது!"

கீழே காய்கறிக் கடை வைத்திருந்த சீனர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "பர்த்டே ஆ?"

சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

கடைசியில் கோணிப்பையில் கீழேயே வெங்காயம் வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாய் கிளம்பும்போது படியில் நிறுத்திச் சொன்னேன், "எல்லாம் புளுகு, பாய்."

"புளுகுதான். ஸ்பீக்கரை மூலையிலேர்ந்து முன்னால இழுத்து வை. அது மட்டும் நெசம்."

ரெண்டு படி இறங்கியவர் திரும்பினார். "குடுக்கணும்னு உனக்காத் தோணுறப்ப குடு. அன்னைக்கு சவுண்டு மாறிடுச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்காதே."

ரொம்ப நாள் கழித்து, நானாகவே எல்லாவற்றையும் மடித்து எடுத்துப் போய்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு நேராக அவர் கடையில் போய் நின்றேன்.

"பாய், சவுண்டு மாறிடுச்சு."

ஒரு வெள்ளைக்காரர் ஸ்பீக்கர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். "ஷாப் குளோஸ்" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, பட்டப்பகலில் கடையைச் சாத்தினார் பாய். டீ குடிக்கப் போனோம்.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கிளம்புகிறேன்...

நல்லபடியா போய்ச் சேருங்க, பாய்.