சும்மா உட்கார்ந்த பதினைந்து நிமிடம்

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு வாயை மூடினால் மூச்சு முட்டும். மெஷின் ஒரு பக்கத்தைத் தள்ளுவதற்குள், வந்தவரின் சம்பளம், சம்பந்தம், சர்க்கரை அளவு மூன்றையும் கறந்துவிடுவாள். சிக்காத ஒரே ஆள் வெளிநாட்டு மாணவி. தினமும் வந்து ஸ்டூலில் உட்காருவாள், தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு மாதம் பொறுத்த அக்கா, ஸ்பைரல் போடும்போது வெடித்தாள்.

"என் மேல என்னம்மா கோவம்? பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

மாணவி தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "எங்க ஊர்ல தெரியாதவங்ககிட்டதான் நிறைய பேசுவோம் அக்கா. நெருக்கமானவங்க பக்கத்துல சும்மா உட்காருவோம்."

"நல்ல ஊரு போ" என்றாள் அக்கா. ஆனால் விஷயம் மண்டைக்குள் குடைந்தது. அன்று சாயங்காலம் கணவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, வாயே திறக்கவில்லை.

ஐந்தாவது நிமிடம் அவர் டிவியை அணைத்தார். பத்தாவது நிமிடம் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார். பதினைந்தாவது நிமிடம், யாரும் கேட்காமலேயே, மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சானுடைய பைக்கை இடித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு மாணவியை உட்காரவைத்தாள்.

"உங்க ஊர்ல வேற என்னென்ன பழக்கம் இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு."