உப்பேறிய கிணறும் மூன்று வரைபடங்களும்

வேலணை இளையதம்பியைப் பிழையே விடாத மனிசன் என்று ஊர் சொன்னது. அவரும் அதை நம்பினார். அதுதான் கெட்ட காலம்.

கொழும்பில் புள்ளிவிவரக் கந்தோர் ஒன்றில் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர். விலை, மழை, விளைச்சல் என்று எல்லாவற்றுக்கும் வரைபடம் கீறி, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவது அவர் வேலை. மாதங்கள் நேருக்கு நேர் வராவிட்டால் படம் பொய் பேசும் என்பார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறித் தன் தீவு ஊருக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் நிம்மதி இல்லை. இரண்டு வருடத்தில் வீட்டுக் கிணறு உப்பேறிவிட்டது. தேத்தண்ணீர்கூடக் கரித்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் மயில்வாகனம் வெங்காயத்துக்குத் தண்ணீர் மிசின் பூட்டி இறைத்துத் தள்ள, நிலத்தடியால் கடலுப்பு ஏறுவதுதான் காரணம். கமக்காரர் சங்கத்தில் அதைக் காட்டிவிட்டால் மிசினை மட்டுப்படுத்தலாம், கிணறு தப்பும். மழை, மிசின் ஓடிய நேரம், கிணற்று உப்பு என்று மூன்று படம் கீறினார். மழையும் உப்பும் ஜனவரியில் தொடங்கின. மிசின் கணக்கை மயில்வாகனத்திடம் கேட்டு வாங்கினார். தோட்டக்காரர் கணக்கு சித்திரையில்தான் தொடங்கும். இளையதம்பி மாதப் பெயரை விட்டு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, மூன்று தாளையும் இடது ஓரம் சேர்த்து ஒட்டினார். கொம்பியூட்டருக்கு மாதம் வெறும் எண்தானே, அந்தப் பழக்கதோஷம்.

சங்கத்தில் விரித்தபோது உப்பு வருடத் தொடக்கத்தில் ஏறியிருந்தது. மிசின் வருடக் கடைசியில் ஓடியிருந்தது.

“உப்பு ஏறி முடிஞ்ச பிறகுதானே அண்ணை என்ரை மிசின் ஓடியிருக்கு?” என்றார் மயில்வாகனம்.

தான் மாசி, பங்குனியில் இறைத்தது அவருக்குத் தெரியாதா? அவரிடம் மிசினை இரவல் வாங்கி இறைத்த சங்கத்தாருக்கும் தெரியும். ஒருவராவது வாய் திறக்கவேண்டுமே! மிசினில் குற்றமில்லை என்று தீர்மானம் எழுதிவிட்டு எழும்பிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இளையதம்பிக்குப் பிழை பிடிபட்டது: ஜனவரிக்கு நேரே சித்திரை நின்றது. மிசின் படத்தை வெட்டி அந்தந்த மாதத்துக்கு நேரே ஒட்டினார். மிசின் ஓடிய கையோடு உப்பு ஏறியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது சங்கச் செயலாளர் மார்க்கண்டு அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்கள் காட்டின படத்தை வைச்சுத்தான் முடிவெடுத்தனாங்கள் அண்ணை. இனி மாத்த ஏலாது.”

சரியான படத்தைப் பார்த்தது மனைவி அன்னபூரணம் மட்டும்தான்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றா. “அப்ப மண்கும்பான் நல்ல தண்ணிக் கிணத்துக்குக் குடத்தோட போறது நானோ, நீங்களோ?”