பரீதா மாமி கேட்ட திறப்பு

ஜனாஸா அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். "லொறி லத்தீப் அவர்களின் மனைவி காலமானார்" என்றார்கள். இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் பெயர் வரவில்லை. மாமாவின் லொறிக்குக்கூட அந்த அறிவித்தலில் இடமிருந்தது. ஆகவே நிந்தவூரில் அவரை அறிந்த உங்களுக்கு எழுதும் இதில் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். காலமானவர் பரீதா. எங்கள் பக்கத்து வீட்டு மாமி.

லத்தீப் மாமா இங்குள்ள மில் ஒன்றிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றிப் போகிறவர். ஒருமுறை ஓட்டும்போதே கண்ணயர்ந்து, லொறி வயலுக்குள் இறங்கிவிட்டது. மாமாவுக்குக் காயமில்லை. அடுத்த லோட்டுக்கு மாமி அபாயாவைப் போட்டுக்கொண்டு முன் சீற்றில் ஏறிவிட்டார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டில் இனி என்ன வேலை என்றார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். பொம்புளைக்கு லொறியில் என்ன வேலை என்று ஊர் கதைத்தது. கதைத்தவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும்.

மாமாவை விழிக்க வைக்க மாமி கண்டுபிடித்த வழி, நாவல் வாசிப்பது. என் நூலக அட்டையில்தான் எடுப்போம். மாமி உரக்க வாசிப்பார், மாமா ஓட்டுவார்.

"கொட்டாவி விட்டாரெண்டா புத்தகத்த மூடிருவன் மகள். மனிசன் பதறிப் போவார்" என்று ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்.

லொறியில் அரிசி மூடைகளை மூடிப் படங்கு கட்டிக்கொண்டிருந்த மாமா விடவில்லை. "பொய் மகள். இவ சரியான கள்ளி. நல்ல இடத்தில நிப்பாட்டிப் போட்டு, கச்சான் கடலை வாங்கித் தந்தாத்தான் மிச்சம் எண்டு நிப்பா."

"வாங்கித் தந்தீங்கதானே, பிறகென்ன?"

புத்தகங்கள் தவிட்டுத் தூசியோடு திரும்பி வரும். நூலகர் என்னை ஏசுவார். நான் துடைத்துக் கொடுப்பேன்.

மாமியிடம் ஒரு சிவப்புத் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. பயணம் புறப்படும்போது நிறைத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போதும் அது ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். காரணம் கேட்டேன். "குடிச்சா இறங்க வேணும். இறங்கி எங்க போற?" என்றார். மாமா வழியில் எந்தப் பள்ளிவாசலிலும் இறங்கி, கழுவி, தொழுதுவிட்டு வருவார். பல பள்ளிகளில் பெண்களுக்கு இடமில்லை. மாமி கதவை மூடிக்கொண்டு சீற்றிலேயே இருப்பார். மகியங்கனை மலை வளைவுகளில் மாமா எங்கேனும் மரத்தடியில் நிறுத்தலாம். ஒரு பெண் அங்கே இறங்க முடியுமா?

மலையைக்கூட விடுவோம். சொந்த ஊரில், மில் வளவுக்குள், லோட் ஏறும்வரை அரை நாள் காத்திருக்க வேண்டும். அங்கே ஓடு பதித்த கழிவறை இருக்கிறது. பூட்டித்தான் இருக்கும். அதன் திறப்பு, சாவி, கிளார்க்கிடம். மாமி போய்க் கேட்டிருக்கிறார். "இது ஆபீஸ் ஆக்களுக்கு மட்டும். வீட்டில இரிக்க ஏலாதவங்களுக்கு நாங்க என்ன செய்யிற?" என்று பதில் வந்ததாம். மாமி எனக்கு அந்தக் கிளார்க்கைப் போலவே மூக்கால் பேசிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

மாமிக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. சிறுநீர் எரிவு என்று பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினார். கடைசியில் கல்முனை ஆஸ்பத்திரியில் வைத்தியர் மாமாவிடம் சொன்னாராம்: குடிக்காமலும் அடக்கி அடக்கியும் திரும்பத் திரும்பக் கிருமி ஏறி, சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. மையித்து வீட்டில் ஒரு பெண் என் காதுபட, "லொறியில திரிஞ்சா இப்பிடித்தான்" என்றாள். இல்லை. லொறி மாமியைக் கொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் முற்றத்தில் கதிரைகளில் இருந்தார்கள். நாங்கள் உள்ளே ஜன்னலோரம். மில் முதலாளி வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுமையான மனிசி, லத்தீப். எத்தின வருசம் எங்கட வளவுக்க வந்து போனவ. ஒரு நாளும் வாய் திறந்து ஒண்டும் கேட்டதில்ல."

மாமா கையை எடுத்துக்கொண்டார். "கேட்டவ, ஹாஜியார்."

"என்ன கேட்டவ?"

"கக்கூஸ் திறப்புக் கேட்டவ."

யாரோ ஒருவர் அவசரமாகச் சத்தமாகத் துஆ ஓதத் தொடங்கினார். எல்லாரும் கையை ஏந்திக்கொண்டார்கள். அந்தத் துஆ மாமிக்காகவா, முதலாளியைக் காப்பாற்றவா என்று நான் உங்களைக் கேட்கிறேன். அங்கே இருந்தவர்கள்தானே நீங்கள்.

அவரைப் பொறுமைசாலி என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வாய் திறந்து கேட்டவருக்கு நீங்கள் தரவில்லை. தராததைப் பொறுமை என்ற சொல்லால் மூடப் பார்க்கிறீர்கள்.

எங்கள் பாடசாலையிலும் பெண்பிள்ளைகளின் கழிவறைத் திறப்பு அலுவலகச் சுவரில்தான் தொங்குகிறது. ஆண் ஆசிரியர்களான சேர்மார் இருக்கும் அறைக்குப் போய்க் கேட்க வெட்கப்பட்டு நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. ஒருநாள் மாமி என் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னகா இது, அப்பிடியே இரிக்கி? நீயும் லொறியிலயா போற?"

மாமியின் சிவப்புப் போத்தல் இப்போது என்னிடம் இருக்கிறது. மாமாவிடம் கேட்டு வாங்கினேன். தினமும் நிறைத்துக்கொண்டு போகிறேன். இடைவேளைக்குள் குடித்து முடிக்கிறேன். பிறகு அலுவலக வாசலில் நின்று, உள்ளே இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி, திறப்பைத் தாருங்கள் என்கிறேன்.