எந்த லாரி முதலில்

மலர்கொடி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சிறுவாச்சூரில் மக்காச்சோளம் போடுகிற அப்பா, மகள் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார். கணவன் சுரேஷ்குமாருக்குப் பெரம்பலூரில் மருந்துக்கடை. அவனிடம் ஒருமுறை பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். ஒரு கம்பெனிக்காரர் தன் தொழிலுக்கு சாஃப்ட்வேர் வேண்டும் என்று வருவார். என்ன வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. அதைக் கேட்டுக் கேட்டு எழுதி, இதில் எது உண்டு, எது கிடையாது, எப்போது முடியும் என்று திட்டம் போட்டுத் தருவதுதான் தன் வேலை என்றாள்.

"கேள்வி கேக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்றான் அவன்.

சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் இதே வேலையைப் பல வருடம் பார்த்தவள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஊருக்குத் திரும்பி, பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். முதலாளி அறிவரசன் நல்ல மனிதர்தான். ஆனால் முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் செய்துவிடலாம் சார் என்பார். அப்படிச் சொல்லிவிட்டு வந்ததையெல்லாம் செய்யக்கூடியதாக மாற்றுவது மலர்கொடியின் தலையில் விழும்.

அரியலூர் லாரி கம்பெனி வேலையையும் அவர் அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்தார். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் கம்பெனி. அப்பா ஆரம்பித்ததை இரண்டு மகன்கள் நடத்தினார்கள். மூத்தவர் இளையபெருமாள், இளையவர் சாமிதுரை. மலர்கொடி பஸ் ஏறிப் போனபோது மூத்தவர்தான் இருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எல்லாமே கம்ப்யூட்டரில் வந்துவிட வேண்டும் என்றார். எல்லாம் என்றால் என்னென்ன என்று அவள் கேட்டாள். எல்லாம்தான் என்றார்.

பெரிய கேள்வியை விட்டுவிட்டுச் சின்னதாக ஒன்றைப் பிடித்தாள். யார்டில் இரண்டு லாரி காலியாக நிற்கிறது, ஒரு லோடுதான் இருக்கிறது, எது முதலில் போகும்?

"வந்த வரிசைல போவும். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார் இளையபெருமாள்.

தம்பியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றாள். அவனுக்குத் தெரியாமல் இங்கே எதுவும் நடக்காது, எழுதம்மா என்றார். எழுதினாள். அவர் கையெழுத்தும் போட்டார். ஆபீஸில் பானுப்ரியா என்ற பெண் அதை வைத்து ப்ரோகிராம் எழுத ஆரம்பித்தாள்.

முதல் கட்டம் முடிந்து அதைக் காட்டப் போன அன்று மூத்தவர் வெளியூர் போயிருந்தார். சாமிதுரை பார்த்தார். பார்த்த உடனே முகம் மாறியது. பெரிய வண்டிதான் முதலில் போக வேண்டும், ஆலை வாசலில் அதைத்தான் முதலில் உள்ளே விடுகிறார்கள், இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அவள் சொன்னாள்.

"அவரு ஆலை கேட்டுப் பக்கம் போயே வருசக்கணக்காச்சு" என்றார் சாமிதுரை. "நான் சொல்றபடி மாத்துங்க."

அறிவரசனிடம் வந்து சொன்னாள். சின்ன மாற்றம்தானே, செய்துவிடுங்கள் என்றார். மாற்றினார்கள். அடுத்த வாரம் இளையபெருமாள் போன் செய்து, யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று சத்தம் போட்டார். திரும்ப மாற்றினார்கள். சாமிதுரை போன் செய்தார். வரிசையும் வேண்டும் பெரிய வண்டியும் வேண்டும் என்று நடுவாக ஒன்றை மலர்கொடியே யோசித்து எழுதி அனுப்பினாள். இருவருமே அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ஒன்றாக நின்ற ஒரே இடம் அதுதான்.

இதற்குள் டீசல் கணக்கு வேண்டும், டிரைவர் லீவு வேண்டும், டயர் எப்போது மாற்றியது என்று காட்ட வேண்டும் என்று இரண்டு பக்கமிருந்தும் வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் அறிவரசன் சரி சொன்னார். பொங்கலுக்குள் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவைத்தார். மலர்கொடிக்கு ஆத்திரமாக வந்தது. ஒருநாள் பானுப்ரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அக்கா, இதுக்கு மேல நான் மாத்த மாட்டேன். எது சரின்னு நீங்க ஏதாவது கோயில்ல பூப்போட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் மலர்கொடி முன்கூட்டிச் சொல்லாமல் அரியலூர் போனாள். யார்டில் நடப்பதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். வேப்பமர இலையெல்லாம் வெள்ளைத் தூசி. அங்கே லாரிகளை அனுப்புகிறவர் பூங்காவனம், அறுபது வயதைத் தொட்டவர். காலையிலிருந்து அவர் மூத்தவர் அறைக்கும் இளையவர் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனாலும் இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் பூங்காவனம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். கொஞ்சம் காரம் குறைத்துச் சேர்ப்பதையும் மலர்கொடி கவனித்தாள்.

டீக்கடையில் அவரே சொன்னார். மூத்தவர் மகள் கல்யாணத்தில் இளையவர் மனைவி வீட்டாரைச் சரியாக வரவேற்கவில்லை என்று பேச்சு வந்ததாம். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மாசிக்குப் பொறவு நான் ஜெயங்கொண்டத்துல பொண்ணு வூட்டோட போயிடுறேன்மா. இவங்களுக்கு நடுவுல அப்புறம் யாரு நடப்பா? அதான் கம்ப்யூட்டர் போடுறாங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலர்கொடி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை மாதமாக அவள் எழுதியது லாரிக்கான சாஃப்ட்வேரே இல்லை. பூங்காவனத்துக்குப் பதில் ஒரு ஆள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இந்த வேலையையே தொட்டிருக்க மாட்டாள். பஸ்ஸிலிருந்தே அறிவரசனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். நல்லதாய்ப் போயிற்று, ஆளுக்கு ஒரு ஸ்கிரீன் தனித்தனியாக வைத்துவிடலாம் என்றார். மலர்கொடி போனை வைத்தாள்.

பிறகு அவள் செய்தது அவளுக்கே பிடிக்காத காரியம். புதன்கிழமை காலை பெரம்பலூர் ஆபீஸுக்கு வாருங்கள், முடிவானதைக் காட்டுகிறேன் என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். மற்றவர் வருவதைச் சொல்லவில்லை.

இளையபெருமாள் முதலில் வந்து உட்கார்ந்தார். சாமிதுரை கதவைத் திறந்து, அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றார். மூத்தவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். ரெண்டு பேரும்" என்றாள் மலர்கொடி. "ரெண்டு லாரி நிக்குது. எது மொதல்ல போவணும்? இதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே பதிலாச் சொன்னாத்தான் நான் அடுத்த வரி எழுதுவேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

அறிவரசன் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இளையபெருமாள் அவளையே பார்த்து, "அவங்கிட்ட சொல்லும்மா, எங்கப்பா வச்ச முறைய..." என்று ஆரம்பித்தார்.

"நான் சொல்ல மாட்டேங்க. அவரு இங்கதான் இருக்காரு."

பானுப்ரியா கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் சாமிதுரைதான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணே, வரிசைல அனுப்புனா சின்ன வண்டி கேட்டுல அரை நாள் நிக்குது. டிரைவருங்க வெயில்ல காயறானுங்க. நான்தான் அவனுங்ககிட்ட பேச்சு வாங்குறேன்."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"பூங்காவனத்துகிட்ட சொன்னேனே."

பூங்காவனம் அதை எவ்வளவு காரம் குறைத்துக் கொண்டுபோனாரோ தெரியாது. அதன் பிறகு பேச்சு லாரியில் நிற்கவில்லை. கல்யாணம் வந்தது, அப்பாவின் வைத்தியம் வந்தது, யார் வீட்டுக்கு யார் வரவில்லை என்பது வந்தது. இரண்டு பேரும் கத்தினார்கள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மலர்கொடி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். பேசினால் சேர்ந்துவிடுவார்கள் என்று அவள் எங்கோ மனதில் நினைத்திருந்தாள்.

அவர்கள் சேரவில்லை. மத்தியானம் ஆனபோது இருவரும் களைத்துப்போயிருந்தார்கள். இளையபெருமாள் மெதுவாக, பிரிச்சுக்கலாம்டா என்றார். சாமிதுரை தலையை ஆட்டினார். அந்த அறையில் அன்று இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். போகும்போது ஒரே காரில் போனார்கள். தம்பி வந்த வண்டி ஆபீஸ் வாசலிலேயே இரண்டு நாள் நின்றது என்று பானுப்ரியா இன்றும் சொல்வாள்.

தை பிறந்ததும் லாரிகளைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் சின்ன வண்டிகளை எடுத்துக்கொண்டு, எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், வரிசைக்கு எதற்கு அது என்று சொல்லிவிட்டார். இளையவருக்கு மட்டும் சாஃப்ட்வேர் என்று ஆனது. திட்டம் பாதிக்கும் கீழே சுருங்கியதில் அறிவரசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டு வந்தவள் என்று ஆபீஸில் விளையாட்டாகச் சொன்னார்கள். அந்த விளையாட்டு அவளுக்கு உறைத்தது. சில நாள் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் சாமிதுரைக்கு எழுதிய திட்டம் ஒரே பக்கத்தில் அடங்கியது. அதில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவள் எழுதியதில் அப்படி அமைந்தது அதற்கு முன் கிடையாது.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனவள், சிறுவாச்சூர் காளி கோயில் வாசலில் இளையபெருமாளைப் பார்த்தாள். ஒதுங்கிப் போய்விடலாமா என்று தயங்கினாள். அவரே நெற்றி நிறையக் குங்குமத்தோடு அருகில் வந்தார். நலம் விசாரித்துவிட்டு, தம்பிக்குப் போட்டுக் கொடுத்தது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார்.

மலர்கொடிக்குப் பழைய எரிச்சல் அப்படியே தலைக்கு ஏறியது.

"அத அவருகிட்டயே கேக்கலாமே சார்?"

"கேட்டேம்மா. காலைலதான் பேசுனேன். நல்லா ஓடுதுன்னான்" என்றார். "அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான். அதான் உங்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

நன்றாகத்தான் ஓடுகிறது என்றாள் அவள். அவர் கையிலிருந்த பையிலிருந்து ஒரு தேங்காய் மூடியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார்.