பதினோரு மணி வெயில்

ஊரில் அவரை எல்லோரும் ‘ரீடிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. இருபத்தாறு வருஷமாக நாளொன்றுக்கு எண்பது வீட்டுக் கேட்டைத் திறந்து மூடுகிறவருக்கு வேறு பெயர் எப்படி ஒட்டும்? எந்த வீட்டு நாய் நேராகப் பாயும், எது பின்பக்கமாகச் சுற்றி வந்து கணுக்காலைத் தேடும், யார் வீட்டு ரோஜாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், எல்லாம் மனப்பாடம்.

அவர் வீட்டு வாசலும் சின்னதில்லை. பத்தடிக்கு எட்டடி மண். ஆனால் அங்கே புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். முன் ஜன்னலை ஒட்டி அவர் மனைவியின் தையல் மிஷின். அந்தம்மா தைத்த துணிதான் பாதி ஊர் உடம்பில் இருக்கிறது. செடி வைப்பதற்கு அவள் போட்ட நிபந்தனை இரண்டே. ஊசி கோக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் ஜன்னல் விளிம்பைத் தாண்டி வளரக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது.

முதலில் ரோஜா வைத்தார். அது பூக்கவில்லை. வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக உயர்ந்து, ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது. தையல்காரம்மா துணி வெட்டும் கத்தரியாலேயே அதன் கதையை முடித்தாள். அடுத்தது சாமந்தி. இலை பூசணம் பூத்ததுதான் அதில் கண்ட ஒரே பூ. மூன்றாவதாக டேபிள் ரோஸ்.

“கல்லு மேல போட்டாக்கூட வளரும் சார். வெயில் மட்டும் இருந்தா போதும். உங்க வாசல்ல வெயில் எப்படி?” என்று நர்சரிக்காரர் கேட்டார்.

“சூப்பரா அடிக்கும்” என்றார் ரீடிங்.

பொய் சொல்லவில்லை, பாவம். காலை ஆறரைக்கு அவர் வாசலில் நின்று பல் தேய்க்கும்போது தெருக்கோடியிலிருந்து சாய்வாக வெயில் வந்து காலில் விழும். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிறு காலை நர்சரி, அப்புறம் சாப்பாடு, சாயங்காலம் வரை தூக்கம். மனைவி ஒருமுறை, “நம்ம வாசல் வெயில் இருக்கே…” என்று ஆரம்பித்தாள். “தினம் எண்பது வாசல் பாக்கறவனுக்கு நீ சொல்லித் தரணுமா?” என்று அடக்கிவிட்டார். டேபிள் ரோஸ் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சமயம் பார்த்து அளக்கிற டேப்போடு வந்து சேர்ந்தான் மனைவியின் தம்பி. கொத்தனார். காலியாக ஒரு மண் தரையைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

“ரெண்டு மூட்டை சிமெண்ட், அரை நாள் வேலை. உன்கிட்ட தைக்க வர்றவங்க செருப்புல சேறு ஒட்டாதுக்கா.”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. “அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன்” என்றாள். “அன்னைக்கு இங்க ஒரு செடியாவது உசுரோட இல்லைன்னா சிமெண்ட்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

ரீடிங்கோ, நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பச்சையைப் பார்த்துவிட்டு வருகிறவர். தன் கேட்டைத் திறந்தால் தனக்கென்று நாலு இலை இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவருக்கு ஆசையே கிடையாது.

மறுநாளிலிருந்து மீட்டர் ஒரு பக்கம், செடி விசாரணை ஒரு பக்கம். மூன்று வாரம் கழித்து, மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் பூத்திருந்த பிகோனியாவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு நாய் பின்பக்கமாகச் சுற்றி வந்தது. எல்லாம் தெரிந்த மனுஷன்தான், செடி மயக்கத்தில் மறந்துவிட்டார். துள்ளிக் குதித்ததில் கால் சாக்கடை மூடி இடுக்கில் மாட்டிக்கொண்டது. கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. பத்து நாள் அசையக் கூடாது என்றார் டாக்டர்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள் மனைவி. ஏழு மணிக்கு வாசல் வெயில் போனது. எட்டானது, ஒன்பதானது, பத்தானது. எதிர்வீட்டு மாடியும் பக்கத்து வீட்டு மாடியும் சேர்ந்து வாசலைப் போர்த்திக்கொண்டு நின்றன.

“வெயில் எங்கடி?”

“இருங்க, வரும்.” பதினோரு மணிக்கு அவள் ஒரு கறுப்புத் துணியை எடுத்து மிஷினில் வைத்தாள். இரண்டு மாடிகளுக்கும் நடுவிலிருந்து ஒரு முழ அகல வெயில் இறங்கி, கேட்டிலிருந்து ஜன்னல் வரை நகர்ந்தது. பன்னிரண்டுக்குப் போயே போய்விட்டது. “கறுப்புத் துணில கறுப்பு நூல் ஓட்டறது இந்த ஒரு மணி நேரந்தான். பதினெட்டு வருஷமா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா? ஊர்ல எண்பது வீட்ல கேட்டீங்க. எண்பத்தோராவது வீட்ல கேக்கல.”

ரீடிங் முகத்தில் அசடு வழிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

“மண்ணு ஈரம் எப்படி?”

“ஜன்னலுக்குக் கீழ காயவே காயாது. கேட்டுப் பக்கம் ரெண்டு நாள்ல காஞ்சிடும்.”

“அட, அப்படியே மருந்துக்கடைக்காரர் வீடு! அங்க பிகோனியா, முழங்காலுக்கு மேல வராது. பல் டாக்டர் வீட்டுப் படியோரமும் இதே ஈரந்தான், சீப்பு மாதிரி இலையோட பெரணி கொட்டிக் கிடக்கு. டீச்சரம்மா வீட்டுச் சுவரோரம் கலர் கலரா இலை விட்ட கோலியஸ்.”

மூன்று வீட்டாருமே அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள். “ஓரம் மடிச்சுத் தர காசு வேணாம், ஒரு கிளை கொண்டாங்க” என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் மனைவி நாய்க்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்று கிளை கொண்டுவந்தாள். டீச்சரம்மா கோலியஸோடு ஒரு யோசனையும் கொடுத்தாள். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் உயராது, பக்கவாட்டில் புதராகும். பல் டாக்டர் வீட்டுப் பெரணியும் சேர்ந்து, பத்துச் செடியை ஜன்னலுக்குக் கீழே ஊன்றினார்கள்.

கடைசி ஞாயிறு கொத்தனார் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினான். பத்துச் செடியில் நாலு தலை தொங்கியிருந்தது.

“இதெல்லாம் தேறாது மாமா.”

“கொஞ்சம் பொறு மாப்ள” என்றார் ரீடிங். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தையல்காரம்மா குனிந்து, தையல் பிரியுமா என்று பார்ப்பதுபோல ஒவ்வொரு செடியாக மெல்ல இழுத்துப் பார்த்தாள். முதலாவது கையோடு வந்துவிட்டது. ரீடிங் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதை இழுத்தாள். வரவில்லை. மூன்றாவதும் வரவில்லை.

“வேர் பிடிச்சிருக்கு” என்றாள்.

“சிமெண்ட் வாங்கிட்டேனேக்கா!”

“உன் வாசல்ல போட்டுக்கோ.”

வேலைக்குத் திரும்பியதும் ரீடிங் தன் தெருவின் வரிசையை மாற்றி எழுதிக்கொண்டார். தன் வீட்டு மீட்டரைக் காலையில் செருப்பு மாட்டும்போதே பார்த்து எழுதுவதுதான் இத்தனை வருஷ வழக்கம். இப்போது அதைப் பதினோரு மணிக்கு வைத்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே நின்று, எல்லா வீட்டிலும் போலக் குரல் கொடுத்தார்.

“மீட்டர்!”

ஒரு முழ வெயிலில் பிகோனியா சிவப்பாக நின்றது. அதற்கு மேலே, ஜன்னலில், மடியில் கறுப்புத் துணியோடு அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

“நாய் இல்ல,” என்றாள், “பயப்படாம உள்ள வாங்க.”